ஆண்கள் அலமாரியிலிருந்து ஒரு பாட்டில்

டிரைவிங் ஸ்கூல் வாசல் பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சாவியை மறந்துவிட்டதாகச் சொல்லி என்னிடம் வாங்கிப்போக வந்தவர், சாவி கைக்கு வந்து முக்கால் மணி நேரமாகியும் கிளம்பவில்லை. என்னிடம் கார் ஓட்டப் பழகும் ஆண்கள் ஒவ்வொருவராக வர, எழுந்து நின்று, "வணக்கம் சார், நான் மேடத்தோட ஹஸ்பண்ட்" என்று கைகுலுக்கினார். குலுக்கிய கையை மூக்கைச் சொறிவதுபோல முகத்தருகே கொண்டுபோனார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கு ஒரு தடவை, மருந்துக்கடைக்காரருக்கு ஒரு தடவை, பெயிண்ட் கான்ட்ராக்டருக்கு ஒரு தடவை. புதுமாப்பிள்ளை ஒருவர் தலையில் ஏதோ ஜெல் தடவிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு மட்டும் இரண்டு தடவை.

காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது. பத்து நாளாக அவர் என் துப்பட்டாக்களை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பதினேழு வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட மடித்தறியாத மனிதர். திருந்திவிட்டார் என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

என் மேலும் தப்பு உண்டு. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அவர் எனக்கு ஒரு ரோஸ் கலர் சென்ட் பாட்டில் வாங்கித் தருவார். பூ வாசனை. ஒரு பூ என்றால் பரவாயில்லை, பூக்கடை மொத்தத்தையும் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி ஏற்றிய காரில், தாறுமாறாக பிரேக் போடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் உட்கார்ந்தால் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். ஆசையாக வாங்கித் தந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முதல் வருஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதால் பிடித்திருக்கிறது என்று ஆகிவிட்டது. பிறகு அது என் குணம் மாதிரியே ஆகிவிட்டது. "அவளுக்கு பூ வாசனைன்னா உயிர்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

போன மாதம் ஒரு பெரிய கடையில் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு போனவள், ஆண்கள் அலமாரியில் இருந்த ஒரு பாட்டிலைத் திறந்தேன். அறுத்த மரம், புதுத் தோல் பை, தண்ணீர் தெளித்து அணைத்த விறகு, அடியில் கொஞ்சம் மிளகு. வாயால் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. எனக்கு மூடியைத் திரும்பப் போட மனம் வரவில்லை. நாற்பத்திரண்டு வயதில் என் வாசனை எனக்குக் கிடைத்துவிட்டது. "சாருக்கா மேடம்?" என்று விற்பனைப் பெண் கேட்டாள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். கோழை. தினமும் பையில் ஒளித்து எடுத்துப்போய், தெருமுனை தாண்டிய பிறகு போட்டுக்கொள்வேன். சாயந்திரத்துக்குள் போய்விடும் என்று நினைத்தேன். நல்ல சரக்கு, போகவில்லை.

பெஞ்சிலேயே பாட்டிலை எடுத்து நீட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் கதை முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைக் கேட்க வாய் வரவில்லை, ஊரார் கையை முகர மட்டும் மூக்கு வருகிறதா? கேட்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தன் அக்காவைக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார். நாத்தனார் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"நெருப்பில்லாம புகையுமா?"

"என்ன புகையுது அண்ணி?"

"உன் துணியில ஆம்பளை சென்ட் வாசனை வருதாமே. யாரு அது?"

அவர், போடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேளுங்க," என்றேன் அவரிடம். "கூட வாழறவர் நீங்க. அண்ணி எதுக்கு நடுவுல?"

தரையைப் பார்த்தபடி, "யாரு?" என்றார். அந்தக் குரல் உடைந்திருந்தது. ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. பையிலிருந்து பாட்டிலை எடுத்து என் மணிக்கட்டில் அடித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"நான்தான்."

முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். அப்புறம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அட லூசு! இதைச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? பத்து நாளா எனக்குத் தூக்கமில்ல." நாத்தனாரும் நிம்மதியாக மூச்சு விட்டார். எல்லாம் சுபம். அப்போதுதான் அவர் கையை நீட்டினார்.

"சரி, கொடு. நான் போட்டுக்கறேன். உனக்கெதுக்கு இது? உனக்குத்தான் பூ வாசனைன்னா உயிராச்சே."

"அதான் சரி," என்றார் நாத்தனார். "பொம்பளை பொம்பளையா மணக்கணும்."

சந்தேகப்பட்டதைக்கூட மன்னித்திருப்பேன். நீட்டிய அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை.

"உயிர்னு யாரு சொன்னது?"

"வருஷம் பூரா போட்டுக்கறியே?"

"நீங்க வாங்கித் தந்தீங்க, போட்டுக்கிட்டேன். தலைவலியோட. பதினேழு பாட்டில். எது பிடிக்கும்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

"இப்ப என்ன, இனிமே இதைத்தான் போடுவியா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"அந்த நாலு பேரையும்தான் இன்னிக்கு பெஞ்சுல உட்கார்ந்து மோந்து பார்த்துட்டீங்களே. ஒருத்தரும் ஒண்ணும் நினைக்கல."

அவர் முகம் கறுத்துப்போனது. நான் பார்த்தது அவருக்கு அதுவரை தெரியாது. நீட்டிய கை மெல்ல மடிக்குத் திரும்பியது. நாத்தனார் ஒன்றும் புரியாமல் தம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் அவர்கள் முன்னாலேயே கழுத்தில் ஒரு தடவை, காதுக்குப் பின்னால் ஒரு தடவை அடித்துக்கொண்டேன். பாட்டிலைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தேன். மூன்று தட்டு போட்டுப் பரிமாறினேன். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார். நான் எழுந்துபோய் அதைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எதிரே அவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே நிதானமாக இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.