பன்றிக்குப் பத்தாத துப்பாக்கி

புருஷன் மரிய அந்தோணி குளிக்கப் போன பிறகு ஞானபூரணி கட்டிலுக்கு அடியிலிருந்து துப்பாக்கியை இழுத்து அதன் குழல் வாயை முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாடை அடித்தது. அதற்குள்ளே கரிந்த வாடை ஒன்றும் இருப்பது போலிருந்தது. சுட்ட துப்பாக்கி எப்படி மணக்கும் என்று அவளுக்குத் தெரியாது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அதைப் பழையபடி உள்ளே தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சற்று முன்புதான் கருப்பி வந்துவிட்டுப் போயிருந்தாள். நேமத்தான்பட்டிக்குக் கிழக்கே இவர்களுடைய கடலைக் காட்டை ஒட்டியிருப்பது அவள் புருஷன் வீரணனின் காடு. அங்கே காவலுக்குக் கிடந்த நாய் வரப்போரமாகச் செத்துக் கிடந்ததாம். விலாவில் சின்னதாக ஓர் ஓட்டை. "பன்னி குத்துனா கிழிஞ்சுல்லக்கா இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் அவள் வாசலில் நின்ற நிற்பு பூரணியை என்னவோ செய்தது.

அந்தோணி காரைக்குடியில் பஸ் டிரைவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகுதான் அப்பா விட்டுப்போன காட்டில் கடலை போட ஆரம்பித்தார். போன வருஷம் ஒரு விடியற்காலையில் காட்டுப்பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டது. வீரணன்தான் ஓடிவந்து, வேட்டியைக் கிழித்துக் காயத்தில் கட்டி, ரோடு வரைக்கும் தோளில் தூக்கி வந்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அந்தோணி சொன்னது வேறு. பன்றி பாய்வதற்கு முன்னால் வீரணன் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டதாம். வேண்டுமென்றே வெடி போட்டு அதைத் தன் பக்கம் விரட்டிவிட்டான் என்றார். கடலையைத் தோண்ட வந்ததை விரட்டினேன், அண்ணன் அங்கே நிற்பது தெரியாது என்று வீரணன் பலமுறை சொல்லிப் பார்த்தான். ஒன்றும் தெரியாதவன் எதற்கு அப்படிப் பதறிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று அந்தோணி அதையும் அவனுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டார்.

கால் தேறியதும் அவர் முதலில் செய்த காரியம், பயிர்ப் பாதுகாப்புக்கென்று அப்பா வைத்திருந்த பழைய ரைபிளைத் தன் பெயருக்கு மாற்றியதுதான். தோட்டா வாங்க மதுரைக்குப் போனபோது பூரணியும் கூடப் போயிருந்தாள். கடைக்காரர் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது முயலுக்கும் காடைக்கும் என்று அந்தக் காலத்தில் வைத்திருந்தது, பன்றிக்குப் பத்தாது என்றார். பன்றியின் தோலையும் கொழுப்பையும் தாண்டி இந்தக் குண்டு உள்ளே போகாது; போகாமல் நின்றால் அதற்கு வெறிதான் ஏறும். சுடப்போவதில்லை, சத்தம் காட்டத்தான் என்றார் அந்தோணி. சத்தமும் பெரிதாக வராது, அதற்குப் பட்டாசே மேல் என்று கடைக்காரர் சிரித்தார். அந்தோணி சிரிக்கவில்லை. தோட்டாப் பெட்டியை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பன்றிக்குப் பத்தாதது வேறு எதற்குப் பத்தும் என்ற யோசனை, திரும்பி வரும் பஸ்ஸில்தான் பூரணிக்கு முதலில் வந்தது. வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு அந்த யோசனை அவளை விடவே இல்லை. காட்டில் அவர் நாற்காலி போட்டு உட்காரும் இடத்தைக் கவனித்தாள். பன்றிகள் கிழக்கே தைலமரக் காட்டிலிருந்துதான் வரும். அவரோ தைலமரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீரணன் வேலியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"பன்னி அங்குட்டிருந்துல வருது?"

"வெரட்டி விடுறவன் இங்குட்டு இருக்கான்ல" என்றார்.

நாய் செத்ததைப் பற்றி, அன்று அவர் குளித்துவிட்டு வந்ததும் சோறு போடும்போது சொன்னாள். அப்படியா என்றார். குழம்பு கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்துப் பழகிய முகம்; பொய் சொன்னால் காது மடல் சிவக்கும் என்று நினைத்திருந்தாள். அன்று அது எப்போதும் இருக்கும் நிறத்தில்தான் இருந்தது. அதை நம்புவதா என்றும் தெரியவில்லை. மறுநாளிலிருந்து களை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவளும் கூடவே கிளம்பினாள். கடலை முற்றிய காட்டில் என்ன களை என்று அவர் கேட்கவில்லை. தன்னைக் காவல் காக்கத்தான் வருகிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

வீரணன் கடலை பிடுங்க ஆரம்பித்த அன்று நன்றாக வெயில் ஏறியிருந்தது. அவன் வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்தான். கருப்பி கொஞ்சம் தள்ளிச் செடிகளைக் குவித்துக்கொண்டிருந்தாள். பூரணி காலில் ஏறிய முள்ளை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அந்தோணி எழுந்து நின்றிருந்தார். துப்பாக்கி தோளில் இருந்தது. குழலுக்கு நேரே வீரணன் மட்டும்தான் தெரிந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் வீரணனுக்குப் பின்னாலிருந்த கருவேலம் புதர் பிளந்து, பகலில் அதற்குள் படுத்துக் கிடந்த பன்றி வெளியே வந்தது. வீரணன் பன்றியைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைத்தான் பார்த்தான். அப்படியே மண்ணில் குப்புற விழுந்தான். துப்பாக்கியிலிருந்து காய்ந்த சுள்ளி ஒடிந்தது போலச் சத்தம். பன்றி முன்னங்கால் மடங்கித் தடுமாறி, வீறிட்டுக்கொண்டு திரும்பி, ரோட்டுக்குப் போகும் பாதையோரத்துப் புதருக்குள் நுழைந்தது. அது போன பிறகும் அந்தோணி அடுத்த தோட்டாவை எடுத்துப் போட்டார்.

வீரணன் எழுந்து, முகத்து மண்ணைத் துடைக்காமலேயே வேலிக்கு வந்தான்.

"யாரப் பாத்துண்ணே தூக்குனீக?"

"பன்னியத்தான்."

"பன்னி பெறகுலண்ணே வந்துச்சு."

அந்தோணி இவள் பக்கம் திரும்பினார். "பூரணி, நீ பாத்தேல்ல? சொல்லு" என்றார்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். புதர் அசைவதை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம். பார்த்தார் என்று சொன்னால் வீரணன் உயிரைக் காப்பாற்றிய மனுஷன் அவர். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

"குடுங்க அத" என்று கையை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டார். அவ்வளவு லேசில் கொடுப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கருப்பிதான் முதலில் பேசினாள். "அடிபட்டது எங்குட்டு பதுங்கிக் கெடக்கோ. ஒண்ணாப் போயிருவோம்க்கா."

வேறு வழியில்லை, ரோட்டுக்கு அந்த ஒரு பாதைதான். வீரணன் அரிவாளோடு முன்னால் நடந்தான். அந்தோணி தாங்கித் தாங்கி அவன் பக்கத்தில் நடந்தார். பின்னால் கருப்பி பூரணியின் முந்தானை நுனியைப் பிடித்தபடி வந்தாள். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பூரணி அதை நெஞ்சுக்குக் குறுக்கே அணைத்திருந்தாள். கையில் வியர்வை. பிடி வழுக்க, அதை மாற்றிப் பிடித்தாள். குழல் இப்போது முன்னால் போகிறவர்களைப் பார்த்திருந்தது.

பாதையோரத்துப் புதருக்குள் ஏதோ உரசியது. முன்னால் போன இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். இருவருமே புதரைப் பார்க்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார்கள்.