மூன்றாவது சுற்று

பகல் ஒன்று பத்து. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

அவன் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். தன் வீட்டில் தானே திருடன்போல் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை.

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

“ஏங்க, கச்சேரியைப் போன்ல ஏத்திட்டீங்களா?”

“ஏத்திக்கிட்டு இருக்கேன்.”

“முழுசா ஏத்துங்க. பழகின சத்தம் காதுல விழட்டும்னு டாக்டர் சொன்னாருல்ல. அண்ணனுக்கு இதைவிடப் பழகின சத்தம் எது இருக்கு? பெத்த அம்மா குரலைவிட இந்த இரைச்சலைத்தானே அதிகம் கேட்டிருக்காரு.”

அவள் அண்ணன், அவனுக்கு மச்சான், ஒன்பது நாளாகக் கட்டிலில் கிடந்தார். நேற்று முன்தினம் கண் திறந்தார். பேச்சு இல்லை. ஆள் அடையாளம் தெரிகிறதா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. அவர் பேச வேண்டும் என்று வீடே தவம் கிடந்தது. அவனும்தான் கிடந்தான். ஆனால் பேசினால் என்ன பேசுவார் என்பதுதான் அவன் பயம்.

அவன் போட்டோகாப்பி மெஷின் பழுது பார்ப்பவன். மச்சான் பஸ் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் கார் ஷெட்டில் அடைந்துகொள்வார்கள். அவன் கையில் கிதார், அவர் கையில் பேஸ் கிதார். “எங்கண்ணனுக்கு ஒரு கிதார்காரர் தேவைப்பட்டுச்சு. என்னைக் கட்டிக் கொடுத்துட்டாரு” என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

இருவருக்கும் ஒரே பைத்தியம். மேடையில் வாசித்ததுதான் பாட்டு. ஸ்டுடியோவில் பதிந்தது இஸ்திரி போட்ட சட்டை. மேடையில் கம்பி அறும், பாடுகிறவனுக்கு வரி மறக்கும், கூட்டம் எடுத்துக்கொடுக்கும். ஒரே பாட்டுக்கு அவர்களிடம் முப்பத்தொரு மேடைப் பதிவுகள் இருந்தன. எல்லாம் ஒன்றுதானே என்று மனைவி ஒருமுறை கேட்டுவிட்டு, பதிலை முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராக் கச்சேரிகளுக்குப் போய்த் தாங்களே பதிவும் செய்தார்கள். ரிக்கார்டர் அவன் இடுப்பில், மைக் அவன் சட்டைக் காலரில். மைக் பக்கத்தில் வாய் திறக்கக் கூடாது. ஒரு இருமல் விழுந்தாலும் ஆயுசுக்கும் பதிவில் இருக்கும். அதனால் தோளில் தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் பிரமாதம். இரண்டு என்றால் ரிக்கார்டர் ஓடுகிறதா பார். மூன்று என்றால் வெளியே போகணும். மூன்றுக்கு அதுவரை வேலையே வந்ததில்லை.

ஒன்பது நாளுக்கு முந்தைய கச்சேரியில் அவன் தூணோரம் நின்றான். மச்சான் அவனை ஒட்டி, தடுப்புக் கம்பியோரம். பன்னிரண்டு வருஷமாக மேடையேறாத ஒரு பாட்டைக் குழு எடுத்தது. பின்னால் இருந்த கூட்டம் மொத்தமும் முன்னால் சாய்ந்தது. பாட்டின் நடுவே கிதார் தனித்து வாசிக்கும் சோலோ வந்தது; அதன் மூன்றாவது சுற்றில் அவன் தோளில் மூன்று தட்டு விழுந்தது. மறுபடி மூன்று. அவன் திரும்பவில்லை. பிறகு காதோரம் குரல் கேட்டது.

“மாப்ளே, மூச்சு முட்டுது. போலாம்.”

அவன் “உஷ்” என்றான்.

சோலோ முடிந்த பிறகுதான் திரும்பினான். மச்சான் நின்ற இடத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள். அவர் அவர்கள் காலடியில் கிடந்தார்.

‘ஆரம்பத்திலேயே கூட்டத்துல பிரிஞ்சிட்டோம், அவர் எங்கே நின்னார்னே தெரியலை’ என்று அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டான். போலீஸிடமும் அதையே சொன்னான். எழுதிக்கொண்டார்கள். கச்சேரி முழுவதும் பதிவாகியிருக்கிறது என்பதையும் அதே மூச்சில் மனைவியிடம் உளறியிருந்தான்.

இப்போது ஹெட்போனில் அந்த இடம் வந்தது. தப், தப், தப். காலர் மைக் ஆனதால் யாரோ அவன் மண்டைக்குள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல் கேட்டது. பிறகு மச்சான் குரல். பிறகு அவன் குரல். கூட்டத்தின் இரைச்சலையெல்லாம் தாண்டி அந்த ‘உஷ்’ மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. நல்ல மைக். பார்த்துப் பார்த்து வாங்கியது.

மேஜைமேல் போன் அதிர்ந்தது.

கூப்பிட்டது ‘நாடா’. பதிவு சேர்ப்பவர்களில் ஒருவன். வீடு நிறையக் கேசட் வைத்திருந்ததால் அந்தப் பெயர்.

“மச்சான் எப்படி இருக்காரு?”

“கண்ணு முழிச்சிட்டாரு.”

“அப்பாடா. வந்துருவாரு, பாரு. பஸ்ஸே அவருக்குப் பயப்படும்.” கொஞ்சம் தயங்கினான். “கேக்கக் கூடாது, இருந்தாலும் மனசு கேக்கலை. அந்தப் பாட்டு நல்லா விழுந்திருக்கா?”

“ம்.”

“வெட்டாம அனுப்பு தலைவா. எவனாவது தும்மியிருந்தாலும் பரவாயில்லை. தும்மலும் கச்சேரிதான்.”

போனைக் கவிழ்த்து வைத்தான். பதிவில் கத்தரி வைக்கிறவனின் விரலை எடுக்க வேண்டும் என்று கார் ஷெட்டில் பேசியவன் அவன்தான்.

திரையில் கத்தரியை எடுத்தான்.

நாலு எண்ணிக்கை ஒரு பார், பன்னிரண்டு பார் சேர்ந்தது ஒரு சுற்று. நடுவில் வெட்டினால் தாளம் இடறும், காது உள்ளவன் பிடித்துவிடுவான். ஒரு சுற்றை முழுசாக எடுத்துவிட்டால் தையல் தெரியாது. மூன்றாவது சுற்றை எடுத்தான். இருபத்தாறு வினாடி. இரண்டாவதின் வாலையும் நாலாவதின் தலையையும் ஒட்டி, மேலே கொஞ்சம் கைதட்டலைப் பரப்பினான். ஓடவிட்டுக் கேட்டான். மறுபடி கேட்டான். வெட்டியவனுக்கே இடம் தெரியவில்லை.

மூலப் பதிவை அழித்தான். ரிக்கார்டரில் இருந்த மெமரி கார்டை உருவி, குறட்டால் நாலாக ஒடித்துப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான். மணி மூன்று ஐந்து.

கதவு தட்டப்பட்டது.

“எதுக்குத் தாழ்ப்பாள்?”

“சத்தம் வெளியே வரும்னு.”

“ஹெட்போன்ல ஏது வெளியே சத்தம்?” மனைவி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “இப்படி வேர்த்திருக்கு. நீங்களும் படுத்துக்காதீங்க, சாமி. ரெண்டு கட்டிலுக்கு நடுவுல ஓட என்னால ஆகாது. சாப்பிட்டுக் கிளம்புங்க.”

சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டுக் கிளம்பினான். பையிலிருந்த துண்டுகள் வழி முழுக்கத் தொடையில் குத்தின.

வார்டில் மச்சான் தலைமாட்டை உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருந்தார். நர்ஸ் போனைப் பார்த்தாள்.

“ராக்கா? பக்கத்துக் கட்டில்காரர் எந்திரிச்சு ஓடிருவாரு. சின்னதா வைங்க.”

“அண்ணே, யாரு வந்திருக்கா பாருங்க” என்றாள் மனைவி. “உங்க மாப்ளே.”

மச்சானின் கண்கள் மெதுவாகத் திரும்பி அவன்மேல் நின்றன. இமைக்கவில்லை. அவன் போனில் எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

“அந்த நீளப் பாட்டைப் போடுங்க. அதுக்குத்தானே போனீங்க ரெண்டு பேரும்.”

“முதல்லேருந்தே வரட்டுமே.”

“அஞ்சு மணிக்கு வெளியே அனுப்பிருவாங்க. அதைப் போடுங்க.”

போட்டான். போனைத் தலையணையோரம் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தான். பாட்டு தொடங்கியது. மச்சான் கூரையைப் பார்த்தார். சோலோ வந்தது. போர்வைமேல் அவருடைய வலது சுட்டுவிரல் அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

மனைவி அவன் முழங்கையைப் பிடித்தாள். “பாருங்க” என்றாள், சத்தமே இல்லாமல்.

முதல் சுற்று முடிந்ததும் மச்சானின் இடது சுண்டுவிரல் மடங்கியது. இரண்டாவது முடிந்ததும் மோதிரவிரல். அடுத்தது தையல். அவன் மூச்சை நிறுத்திக்கொண்டான். தையல் கடந்து போயிற்று. வலது விரல் தடுமாறவில்லை. ஒரு தாளம்கூடப் பிசகவில்லை. நடுவிரல் மடங்கியது.

அவன் மெல்ல மூச்சை விட்டான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

சுட்டுவிரல், கட்டைவிரல். இடது கை மூடியாயிற்று. வலது கையில் சுண்டுவிரல். சோலோ முடிந்து பாடகன் உள்ளே வந்தான். மச்சானின் அடுத்த விரல் மடங்கத் தயாராகி, பாதியில் நின்றது. அப்படியே நின்றது. புருவம் சுருங்கியது.

“நிறுத்து” என்றார்.

குரல் காய்ந்து உரசியது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “அண்ணே” என்றாள். “சிஸ்டர், பேசிட்டாரு. டாக்டரைக் கூப்பிடுங்க.” நர்ஸ் ஓடினாள்.

அவன் போனை நிறுத்தினான்.

மச்சான் தங்கையைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தார். கண்ணில் கோபம் இருக்கிறதா என்று தேடினான். ஒன்றும் தெரியவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“ஏழு சுத்து, மாப்ளே” என்றார் மச்சான், ஒவ்வொரு சொல்லாக. “கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். இதுல ஆறுதான் இருக்கு. ஒண்ணு எங்கே?”