மல்லாட்டை மில்லின் பேஸ்

அமலா பாட்டைப் போட்டால் எழுந்து ஆடாதவர்கள் விழுப்புரம் ஜில்லாவில் இரண்டு வகைதான். மணமேடையில் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு வகை, பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டவர்கள் இன்னொரு வகை. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, அமலாவேதான். சொல்லிக்கொள்ளட்டும், அதில் பொய் அதிகமில்லை.

மாலையில் அவள் கல்யாண மண்டபங்களில் டிஜே. பகலில் விழுப்புரத்து மாடி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சொந்தமாகப் பாட்டு செய்வாள். சினிமாப் பாட்டு வயிற்றுக்கு, சொந்தப் பாட்டு மனசுக்கு என்று பிரித்து வைத்திருந்தாள். மனசுக்கானது எதையும் இதுவரை எந்த மண்டபத்திலும் போட்டதில்லை. கல்லூரித் தோழி கலைமதி தன் கல்யாண வரவேற்புக்குக் கூப்பிட்டபோதுதான் அதற்கு வேளை வந்தது.

"திண்டிவனத்துல, மாப்ள வூட்டுக்காரங்க புடிச்ச மண்டபம். எங்கம்மாவும் மில்லு பொம்பளைங்களும் வேன்ல வருவாங்கடி. பெரிய எடம்னு கூச்சப்பட்டுக்கினு கடைசி வரிசையில குந்திக்குவாங்க. அவங்கள எழுப்பி முன்னாடி கொண்டாந்துடு. அதான் நீ எனக்கு வெக்கிற மொய்."

கலைமதியின் அம்மா வீரம்மாள், கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில்லில் கூலி வேலை செய்து மகளைப் படிக்க வைத்தவள். அமலா யோசிக்கவே இல்லை. நேராக மில்லுக்குப் போய், போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு சத்தங்களைப் பதிந்து வந்தாள். மோட்டாரின் உறுமலைப் பாட்டுக்கு பேஸ் ஆக்கினாள், நெஞ்சில் அதிரும் அந்த அடிக்குரல். சல்லடை ஆடும் சத்தத்தைத் தாளமாக்கினாள்.

பாட்டு பிரமாதமாக வந்தது. ஹெட்போனில் கேட்டால் மோட்டார் தலையைச் சுற்றி ஓடியது. அதற்காக அவள் ஒரு வேலை செய்திருந்தாள். அதே உறுமலை இடது காதுக்கு நேராகவும் வலது காதுக்குத் தலைகீழாகவும் வைத்திருந்தாள். இங்கே அலை மேலே ஏறும்போது அங்கே கீழே இறங்கும். கேட்கிறவருக்குத் தான் மில்லுக்குள்ளேயே நிற்பது போல் இருக்கும்.

வரவேற்பு அன்று சாயங்காலம் மண்டபத்தில் பாட்டை ஓட விட்டுப் பார்த்தாள். சல்லடை ஆடியது. மோட்டாரைக் காணோம். பேஸ் மொத்தமும் மாயமாகிவிட்டது.

சவுண்டு செட் வைத்திருந்த தாண்டவராயன் முந்திக்கொண்டார். "பாக்ஸ் மேல பழிய போடாதம்மா. இப்பதான் சினிமா பாட்டு போட்டேன், ஜன்னலே ஆடிச்சி."

அமலா ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தாள். "ரெண்டு லைனையும் ஒண்ணா சேத்துட்டீங்களாண்ணா?"

"எப்பவும் அப்பிடித்தான். இந்தாண்ட குந்தறவங்களுக்கு ஒரு பாட்டு, அந்தாண்ட குந்தறவங்களுக்கு ஒரு பாட்டுன்னா போட முடியும்?"

அமலாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அவர்மேல் இல்லை, தன்மேல். நேராக ஓடுவதும் தலைகீழாக ஓடுவதும் ஒரே ஒயரில் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். இந்தப் பக்கத்து மண்டபங்களில் எல்லா பாக்ஸும் ஒரே லைனில்தான் ஓடும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இன்ஸ்டாவில் சந்தேகம் கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம், "முடிச்சதும் ஒரே ஸ்பீக்கர்ல போட்டுக் கேளு" என்று ஓயாமல் சொல்கிறவள் அவள்தானே? அவளும் போனில் போட்டுக் கேட்கத்தான் செய்தாள். பேஸ் வரவில்லை. போனில் என்றைக்கு பேஸ் வந்திருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டாள்.

அமலா உடனே மேடைக்குப் பக்கத்தில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தாள். தலைகீழ் உறுமலைத் தூக்கி எறிந்துவிட்டு நேரான ஒன்றை மட்டும் நடுவில் நிறுத்தினாள். உறுமல் திரும்பி வந்தது, வந்த வேகத்தில் டிரம் அடியை அமுக்கியது. அடி விழும்போதெல்லாம் உறுமல் கொஞ்சம் தணிந்து வழிவிடும்படி செய்தாள். அழகாக இருக்கிறதே என்று ஆசையாகச் சேர்த்திருந்த கீபோர்டு, சல்லடைச் சத்தத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மனசு வலித்தது, இருந்தாலும் அழித்தாள்.

"இனிமே டெஸ்ட்டு கிஸ்ட்டு போட முடியாது. ஆளுங்க வந்துட்டாங்க," என்றார் தாண்டவராயன்.

"வேணாண்ணா. இனிமே மோட்டாரு ஓடும்." ஹெட்போனையும் ஒரே லைனாக மாற்றிக் கேட்டு முடித்திருந்தாள்.

கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நின்ற வேன் தாமதமாகத்தான் வந்தது. கலைமதி சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. வீரம்மாளும் மில் பெண்களும் பட்டுப்புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்து வாசலை ஒட்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முன் நாற்காலிகளில் மாப்பிள்ளை வீட்டார் நிறைந்திருந்தார்கள். மேடையிலிருந்து கலைமதி அமலாவைப் பார்த்தாள். அமலா பாட்டைத் தொடங்கினாள்.

முதலில் சல்லடை மட்டும். யாரும் திரும்பவில்லை. அப்புறம் தரையிலிருந்து கிளம்பியது போல மோட்டார் உறுமியது.

வீரம்மாளின் கை தானாகத் தலைக்குப் போய், இல்லாத தொலித்தூசியைத் தட்டியது. தட்டிய கையை அவளே ஒரு கணம் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளும் புடவை முந்தானையை உதறிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "ஏ, நம்ம மில்லுடி இது," என்று வீரம்மாள் எழுந்தாள். வரிசையே எழுந்தது. சல்லடை ஆட்டுகிற அதே இடுப்பசைவில், கைகளை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டு நடுப்பாதையில் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நாற்காலிகளைத் தள்ளி இடம்விட்டார்கள். கலைமதி மாலையோடு மேடையை விட்டு இறங்கி அவர்களுக்குள் புகுந்தாள்.

அமலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆயிரம் மண்டபம் ஆடினாலும் இது போல் வராது என்று தோன்றியது.

ஆடிக்கொண்டே வீரம்மாள் அவளிடம் வந்தாள். பாராட்டப் போகிறாள் என்று அமலா ஹெட்போனைக் கழற்றினாள்.

"மோட்டார இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா," என்றாள் வீரம்மாள். "நம்ம மில்லு இவ்ளோ சன்னமா ஓடாது."

அமலா ஏற்றினாள். மண்டபத்து ஜன்னல்கள் ஆடின.