ஆடியில் ஒரு விசாரணை

...இல்லை, அம்மாவைக் கோபித்துக்கொண்டு என்ன செய்ய, அவள் பொய்யா சொன்னாள், வந்தவர் கேட்டார், இவள் உள்ளதைச் சொன்னாள், ஆனாலும் உலகத்தில் எந்தத் தாயாவது விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம், "மருமவ இங்க இல்லய்யா, ரெண்டு பேரையும் பிரிச்சுல்லா வச்சிருக்கோம்" என்று பெருமையாகச் சொல்வாளா, அதுவும் கையில் காப்பியைக் கொடுத்துக்கொண்டே... நான் கடையில் ஒரு கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டு எரிந்துபோன செப்புக்கம்பிக் காயிலை உருவிக்கொண்டிருந்தபோதுதான் ஏட்டையா சிவனாண்டியின் போன் வந்தது. எனக்கும் இந்தப் பக்கம் இளையரசனேந்தல்தான்வே, ஆடிக்குப் பிரிச்சு வைக்கிறது எனக்குத் தெரியாதா, எம்மவளும் இப்ப எங்க வீட்டுலதான் கெடக்கா, ஆனா மெட்ராஸ்ல உக்காந்து விசா ரிப்போர்ட்டைப் படிக்கிற ஆபீசருக்கு ஆடியாவது ஆவணியாவது, புருசனும் பொண்டாட்டியும் ஒரே வீட்டுல இருக்காவளான்னு கேட்டிருக்கு, கண்ணால பாக்காம நான் எப்படி எழுத என்றார், நியாயம்தானே. நாளையிலிருந்து அவருக்குத் தபசுத் திருவிழா பந்தோபஸ்து, கோயிலைவிட்டு நகர முடியாது, இன்றைக்குச் சாயங்காலம் மட்டும் திரும்ப வருவாராம், அப்போது லோகா வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'இல்லை' என்றுதான் எழுத முடியும். 'இல்லை' என்று போனால் விசா நீட்டிப்பு கிடையாது, ஆடி முடிகிற வாரத்தில் இப்போதுள்ள விசாவும் முடிகிறது, அப்புறம் அவள் ஈப்போவுக்கு விமானம் ஏற வேண்டியதுதான்... கையிலிருந்த கிரீஸைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்துவிட்டேன், ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கரிவலம் ரோட்டில் இந்தக் காற்றுக்கு நானும் வண்டியும் எந்த மூலை.

லோகா என்றால் லோகேஸ்வரி, என் மனைவி, மலேசியாக்காரி. அவளுடைய தாத்தா கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர், பேத்தி இரண்டு வருடத்துக்கு முன் சொந்த ஊரைப் பார்க்கிறேன் என்று வந்தவள் தன் பெரியம்மா தங்கத்தாய் வீட்டுக் குளியலறை மோட்டார் ஓடவில்லை என்று என்னைக் கூப்பிட்டுவிட்டாள், மோட்டார் அன்றைக்கே ஓடிவிட்டது, நான்தான் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மறுபடியும் மறுபடியும் போனேன், வெட்கத்தை விட்டுச் சொன்னால் அப்படித்தான். நாற்பதைத் தாண்டியவனுக்குப் பெண் கிடைக்காது என்று ஊரே கைகழுவி விட்டிருந்தது, அவளுக்கும் நாற்பது நெருங்கிக்கொண்டிருக்கிறது, தை மாதம் கல்யாணம். ஆடி பிறந்த முதல் நாள் அம்மா ஒரு பையில் பழமும் சேலையும் வைத்து, மருமவளைக் கொண்டு பெரியம்மா வீட்டில் விட்டுட்டு வாலே என்றாள், எம்மா இந்த வயசுலயா என்றேன், வயசு என்னலே வயசு, புதுப்பொண்ணு புதுப்பொண்ணுதான் என்றாள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது, அதற்குத்தான் இத்தனையும்... பிறந்தால் பிறக்கட்டுமே, எங்களுக்கு ஒன்று பிறக்கும் என்றால் சித்திரை முழுக்க நான் விசிறியோடு நிற்க மாட்டேனா, இதை அம்மாவிடம் எப்படிச் சொல்ல. அதனால்தான் இந்த ஆடியில் கரிவலம் பக்கம் ஏகப்பட்ட மோட்டார் எரிகிறது, தினம் ஒன்றைப் பார்க்கப் போகிறேன், அம்மாவுக்குத் தெரியாது என்றா நினைக்கிறேன், தெரியும், அங்கன என்னலே அவ்வளவு கிணறு இருக்கு என்று நேற்றுச் சாப்பாடு போடும்போது கேட்டாள், தலையைக் குனிந்து ரசத்தைக் குடித்தேன்.

ஆனால் அவள் செய்த இரண்டாவது காரியத்தை நினைத்தால்தான்... ஏட்டையா போகிறபோக்கில், மவனுக்குத் தொழில் எப்படிம்மா என்று கேட்டிருக்கிறார், அம்மா, ஏதோ ஓடுதுய்யா, பெருசா ஒண்ணும் இல்ல என்று சொல்லிவிட்டாள். நான் இந்த ஐந்து மாதமாக ஆடிட்டர் ஆபீஸ் படியில் தேய்ந்ததெல்லாம் எதற்கு? எங்கள் பஜாரில் யாரைக் கேட்டாலும் அதுதான் பதில், ஏதோ ஓடுதுவே, நகைக்கடை வைத்திருப்பவரும் அதைத்தான் சொல்லுவார், நன்றாக ஓடுகிறது என்று வாயால் சொன்னால் கண்ணு பட்டுவிடும், அப்பா கடைசி வரைக்கும் அதைச் சொல்லியேதான் எங்களைப் படிக்கவைத்து வீடும் கட்டினார். அப்பேர்ப்பட்டவர் மகன் நான் போய் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து, சார், எனக்கு வருமானம் இருக்கு, வரி கட்டுதேன் என்று சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தார். எல்லோரும் குறைச்சுக் காட்டத்தான்வே வருவாவ, நீரு என்ன கூட்டிக் காட்டணும்ங்கீரு என்றார். சம்சாரத்தைக் காப்பாற்ற வக்கிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமே சார், சும்மா சொன்னால் நம்புவார்களா என்றேன், சிரித்துவிட்டு, பழைய வருடங்களுக்கும் சேர்த்து ரிட்டன் போட வழி இருக்கு, கூடுதலா வரி கட்டணும், சம்மதமா என்றார், சம்மதம் என்றேன், கல்யாணத்தன்றுகூட அவ்வளவு வேகமாகச் சம்மதம் சொல்லவில்லை. அப்புறம் கல்யாணப் பதிவு, கடை வாடகைச் சீட்டு, வீட்டுவரி ரசீது, முத்திரைத்தாளில் என் கையெழுத்து, அவள் செலவுக்கும், வேண்டிவந்தால் அவளைத் திருப்பி அனுப்புகிற செலவுக்கும் நானே பொறுப்பு என்று. அதைப் படித்துவிட்டு லோகா, என்னாங்க, இப்பவே டிக்கெட்டு போட்டுட்டீங்களா என்று கிண்டல் செய்தாள், எனக்கோ அந்த வரியில் கையெழுத்துப் போடும்போது பேனா நகரவில்லை.

பெரியம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால், தங்கத்தாய் பெரியம்மா கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள், ஆடிக்கு வந்த பொண்ணை நடுவில் கூட்டிக்கொண்டு போவதாவது, அங்கே என்ன எழவா விழுந்திருக்கு என்கிறாள், போலீஸ் என்றதும் இன்னும் மோசம், என்ன தப்பு செஞ்சா எம்மவ என்று குரலைக் கூட்டிவிட்டாள். தப்பொன்றும் இல்லை பெரியம்மா, நாங்கள் சேர்ந்துதான் இருக்கிறோம் என்று காட்ட வேண்டும்... சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு, சேர்ந்து இருப்பதாகக் காட்டுவதற்காகக் கூட்டிப்போய், காட்டிவிட்டு, மறுபடியும் பிரித்துக் கொண்டுவந்து விட வேண்டும், அம்மாவும் போனில் அப்படித்தான் உத்தரவு போட்டாள், விளக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுரணும். லோகா உள்ளேயிருந்து வந்தாள், தலையில் பூ, கையில் மாவு, என்னைக் கண்டதும் முகம் ஒரு மாதிரி மலர்ந்து உடனே அடங்கியது, பசியாறிட்டீங்களா என்றாள், மத்தியானம் மூன்று மணிக்கும் அவளுக்கு அதே கேள்விதான், அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே நான் சாப்பிடாமல் வரலாம். வண்டியில் ஏறியதும் என் சட்டையின் பின்பக்கத்தை லேசாகப் பிடித்துக்கொண்டாள், கையில கிரீஸோடவா வந்தீங்க என்றாள், பிறகு வழி முழுக்கப் பேச்சு இல்லை, காற்று அப்படி, பருத்திக்காடெல்லாம் புழுதியாகப் பறந்தது. நான்தான் மனதுக்குள் பாடம் ஒப்பித்துக்கொண்டு வந்தேன், பாஸ்போர்ட் நம்பர், வந்திறங்கிய தேதி, மாமனார் பெயர் முனியாண்டி, எது கேட்டாலும் தட்டக்கூடாது. அவள் ஏன் இவ்வளவு அமைதியாக வருகிறாள்? பயமோ? போலீஸ் என்றால் அந்த ஊரில் எப்படியோ... எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தமாகச் சொன்னேன், ம் என்றாள்.

ஏட்டையா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார், நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைத் தொடையில் வைத்துக்கொண்டார், அம்மா வடையும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள், நான் வந்தவுடனேயே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன், கேட்பதற்கு முன்னாலேயே, எம்மவனுக்குத் தொழில் நல்லா ஓடுதுய்யா, வரியெல்லாம் கெட்டுதான் என்றாள், சொல்லி முடித்த கையோடு என் தலையைச் சுற்றி நெட்டி முறித்துக் கண்ணேறு கழித்தாள், ஏட்டையா வாயில் வடையோடு சிரித்தார். உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கொடியில் கிடந்த அவளுடைய சேலை, கண்ணாடியில் ஒட்டிய பொட்டு, அடுக்களை அலமாரியில் ஈப்போவிலிருந்து அவள் அண்ணன் அனுப்பிய மைலோ பானத்தூள் டப்பா, இது நம்ம ஊர்ல கிடைக்கிறது மாதிரி இல்லியோ என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தார், நான் பதற்றத்தில், வேணும்னா கொண்டு போங்க என்றேன், லஞ்சம் மாதிரி ஆகிவிட்டதே என்று உடனே உயிர் போனது. பிறகு லோகாவிடம் கேட்க ஆரம்பித்தார், எப்பம்மா வந்தீங்க என்றார், நான் தேதியைச் சொன்னேன், அப்பா பேரு என்றார், முனியாண்டி என்றேன், அங்க என்ன வேலை பாத்தீங்க என்றார், பல் டாக்டர் ஆபீஸில் கிளார்க் என்றேன், பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வே, கோமதிநாயகம், நான் உம்மயா கேக்கேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன், அதற்குப் பிறகு அவளே சொன்னாள், ஒவ்வொன்றாக, நிதானமாக, வீட்டுக்காரர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், கடையை எப்போது திறப்பார், எந்தக் காயை ஒதுக்குவார் என்று, கத்தரிக்காயை நான் ஒதுக்குவது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது, ஒருநாளும் சொன்னதில்லையே, தட்டைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள், என் பெண்டாட்டி. ஏட்டையா எழுதினார், ஆம், சேர்ந்து வாழ்கிறார்கள் என்று என் கண் முன்னாலேயே எழுதினார், எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டவர் வாசல்படியில் நின்று, இது எழுதுறதுக்கு இல்லம்மா, நானாக் கேக்கேன், இந்தப் புழுதியும் காத்தும் ஒத்துக்கிடுதா, இங்கனயே இருந்துருவியளா என்றார். என் நாக்கு வழக்கம்போல முன்னால் வந்துவிட்டது, நல்லவேளை, கடித்துக்கொண்டேன். லோகா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், கோபமான பார்வை இல்லை, அன்பான பார்வைதான், அதுதான் இப்போது என்னைப் போட்டு வாட்டுகிறது.

"இவரு இன்னும் என்கிட்ட அதைக் கேக்கலைங்க சார். கேட்டா சொல்லுவேன்."

ஏட்டையா ஓகோவென்று சிரித்துவிட்டுப் போய்விட்டார், அம்மாவும் சிரித்தாள், நேரமாயிட்டுலே, கொண்டுபோய் விடு என்று லோகா கையில் வடையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். இப்போது மறுபடியும் கரிவலம் ரோடு, வெயில் தணிந்துவிட்டது, காற்று தணியவில்லை, காரியம் முடிந்துவிட்டது, சந்தோஷமாக இருக்க வேண்டியவன்தானே நான்... கேட்கவில்லையா நான்? பெண் கேட்டேன், அது பெரியம்மாவிடம். சம்மதம் வாங்கினேன், அது அவள் அண்ணனிடம், போனில். ஜாதகக்காரரைக் கேட்டேன், ஆடிட்டரைக் கேட்டேன், பதிவு ஆபீஸில், இங்கன போடு, இங்கன போடு என்று விரல் வைத்துக் காட்டினேன், அவள் போட்டாள். இங்கே இருக்கிறாயா, நம்ம இரண்டு பேரும் எங்கே இருக்கலாம், ஈப்போவுக்கு நான் வரட்டுமா, அங்கேயும் மோட்டார் எரியாமலா இருக்கும், இப்படி ஒரு வார்த்தை... இல்லை, கேட்கவில்லை, ஒரு நாளும் கேட்கவில்லை. எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதுதான் பிரியம் என்று இருந்துவிட்டேன், பிரியம்தான், அதில் பொய் இல்லை, ஆனால் அதற்குள் எனக்கு ஒரு பயமும் இருந்திருக்கிறதே, கேட்டால் வேறு ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று, அந்தப் பயத்துக்குத்தான் இத்தனை காகிதமும் சேர்த்தேனோ? வண்டியை ஓரமாக நிறுத்தினேன். என்னா ஆச்சு, பெட்ரோல் இல்லையா என்றாள். இறங்கி அவளுக்கு எதிரே நின்றேன், பக்கத்தில் ஒரு லாரி புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போனது, அது போகும்வரை காத்திருந்து, லோகா, உனக்கு இங்க இருக்கணும்னு இருக்கா என்று கேட்டேன், குரல் எனக்கே வேற்று ஆள் குரலாகக் கேட்டது. அவள் சிரிக்கவில்லை, மடியிலிருந்த வடைப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தபடி காட்டுப் பக்கம் பார்த்தாள், நிஜமாகவே யோசிக்கிறாள், இதைப் பற்றி யோசிக்க இதுவரை அவளை யாரும் விட்டதில்லை போல யோசிக்கிறாள், பெரியம்மா வீட்டில் விளக்கு வைக்கிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது, எனக்கு அவசரப்படுத்த வாய் வரவில்லை, நின்றேன்.