முப்பத்திரண்டு வருட இறால்

ஜவுபர் மாஸ்டருக்கு உலகத்தில் நம்பிக்கையான வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய கூட்டாளி பளீலின் வாய். வானொலி மழை என்று சொன்னாலும், பளீல் வெயில் என்றால் மாஸ்டர் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். தொப்பலாக நனைந்து வந்தாலும் மழைமேல்தான் கோபப்படுவார். மகள் அப்ராவை றிஸ்மிக்குக் கட்டிக் கொடுத்ததும் பளீல் சொன்ன ஒரு சொல்லில்தான்.

அந்த றிஸ்மிதான் ஞாயிற்றுக்கிழமை பகல் மாமனாரையும் அப்ராவையும் காரில் ஏற்றிக்கொண்டு அறுகம்குடாவுக்குப் போனான். நியூ ஓர்லியன்ஸிலிருந்து அலையில் பலகை ஓட்ட வந்த ஓர் அமெரிக்கர், ஊர் திரும்ப மனமில்லாமல் அங்கே கிரியோல் சாப்பாட்டுக் கடை திறந்திருந்தார். ஞாயிறு பகலில் ஜாஸ் கச்சேரியும் உண்டு.

புறப்படுமுன் மாஸ்டர் பளீலுக்குப் போன் எடுத்திருந்தார்.

"மச்சான், மருமகன் எங்கயோ சாப்பிடக் கூட்டிப் போறாராம். நீயும் வாவன்."

"ஏலாது மச்சான். நாவிதன்வெளி வயலுக்கு வெட்டு மெசின் வருது. நீ போய்ட்டு வா."

கடை வாசலில் ஹலால் பலகை தொங்கியது. உள்ளே பனை உயரத்தில் ஒரு வெள்ளைக்காரன் சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்தான். அது முதலில் விக்கியது, பிறகு அழுதது, பிறகு மூக்கைச் சிந்தியது. பக்கத்தில் டிரம்ஸ்காரன் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் தன்னுடைய வழக்கைத் தனியே பேசிக்கொண்டிருந்தான்.

ஜம்பலாயா என்ற இறால் சோறு வந்தது. மாஸ்டர் ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

"எங்கட கந்தூரிச் சோத்துக்குள்ள ஆரோ தக்காளியக் கவுத்துட்டான்."

"பிடிக்கல்லயா வாப்பா?" என்றாள் அப்ரா.

"பிடிக்கல்லயெண்டு நான் சொன்னனா?"

சோற்றில் கிடந்த இறால் ஒவ்வொன்றும் பூனைக்குட்டி அளவு இருந்தது. நாலாவது பூனைக்குட்டியை எடுத்துக்கொண்டு தலையை நிமிர்த்தியபோதுதான் மூலை மேசையைக் கண்டார். அங்கே பளீல் தனியே இருந்தார். முன்னால் கை கழுவும் பேசின் அளவில் ஒரு கிண்ணம். அது நிறைய கம்போ எனும் இறால் ஆணம். சேட்டுக் கையை முழங்கைவரை சுருட்டி, கண்ணை மூடி, ஓர் இறால் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். ஏனென்றால் பளீலுக்கு இறால் ஆகாது. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன், மாஸ்டரின் கலியாணத்தில் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்டபோது, பளீல் கழுத்தைச் சொறிந்தார். அன்றிலிருந்து எந்தக் கலியாணப் பந்தியில் சஹன் வந்திறங்கினாலும், மாஸ்டரின் முதல் சத்தம், "இறாலத் தூக்குங்க! இவருக்கு வாசம் பட்டாலே சொறியும்!" என்பதுதான். இறாலுக்காக உயிரை விடும் மாஸ்டர், கூட்டாளிக்காக அந்தப் பந்திகளில் தானும் தொடமாட்டார். அப்படித் திருப்பி அனுப்பிய இறாலைச் சாய்ந்தமருதுக் கரையில் கொட்டினால் கடல் ஒரு மைல் பின்வாங்கும்.

மாஸ்டர் எழுந்து மூலை மேசைக்குப் போனார்.

"வெட்டு மெசின் வந்திட்டா?"

பளீலின் வாயிலிருந்து இறால் நழுவி ஆணத்தில் விழுந்தது.

"மச்சான்..."

"சொறியல்லயா?"

"இல்ல."

"எப்பயிருந்து?"

"எப்பயும் சொறிஞ்சதில்ல. அண்டைக்கி புதுச் சேட்டுட கொலர் அறுத்திச்சி. நீதான் இறாலெண்டு கத்தி ஊரக் கூட்டின."

"பொறகு சொல்லியிருக்கலாமேடா!"

"எப்பிடிச் சொல்ற? இறாலத் தூக்கச் சொல்லக்க ஒன்ட முகத்த நீ பாத்திரிக்கியா? ஒட்டகம் குர்பான் குடுத்தவன்ட முகம் மாதிரி மின்னும். அதக் கெடுக்க மனம் வரல்ல. நானும் திங்காமத்தானே கிடந்தன்? இப்ப ஆறு மாசமாத்தான் களவா இஞ்ச வாறன்."

மாஸ்டர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். இறால் போனால் போகட்டும். தான் தியாகம் செய்வதாக நெஞ்சை நிமிர்த்தியிருந்த ஒவ்வொரு பந்தியிலும், பக்கத்தில் இருந்தவன் தன்னைப் பார்த்து இரங்கியிருக்கிறான்! அதுதான் மாஸ்டரைக் குத்தியது. இந்த வாய், தன் மனம் நோகாமல் இருக்க இன்னும் என்னென்ன சொல்லியிருக்கும்?

"றிஸ்மி நல்ல பொடியனெண்டியே. அதும் இப்பிடித்தானா?"

"வல்லாஹி, தங்கம். ஒன்ன இஞ்ச கூட்டி வந்திரிக்கானே, பாரன்."

"கூட்டி வந்தபடியாத்தான் நீ அம்பிட்ட."

மாஸ்டரின் குரல் இறங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் அஸர் தொழுதபின், தான் எழுதிய கவிதையை அவர் பளீலுக்கு மட்டும் வாசித்துக் காட்டுவார். பளீல் கண்ணை மூடி, "ஆஹ்!" என்று தலையாட்டுவார். அந்த ஒரு தலையாட்டலை நம்பி நானூற்றுச் சொச்சம் கவிதை எழுதியாயிற்று.

"அப்ப, என்ட கவிதையள்?"

பளீல் மேடைப் பக்கம் திரும்பினார். கண்ணை மூடினார். "ஆஹ்!" என்று சாக்ஸபோனுக்குத் தலையாட்டத் தொடங்கினார்.

"ஒனக்கி இந்தப் பாட்டு விளங்குதா?"

"ஒரு மண்ணும் விளங்கல்ல மச்சான். ஊதுற பொடியன் இஞ்சாலதான் பாக்கிறான். பாவமெல்லுவா?"

சொல்லி முடித்த பிறகுதான் பளீலின் தலை நின்றது.

மாஸ்டர் எழுந்தார். "மச்சான்... மச்சான்!" என்று பின்னால் கேட்டது. சாக்ஸபோன் சத்தத்தில் காது கேளாதவரைப் போல, அவர் மகளும் மருமகனும் இருந்த மேசைக்கு நடந்தார்.