அக்காவுக்குத் திறக்காத பக்கம்

அம்மாவைக் கிடத்தியிருந்த பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, அதன் மேல் இரண்டு தடித்த அகராதிகளை அடுக்கி, அவற்றின் மேல் போனைச் சாய்த்து வைத்து அவன் கோணம் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் முழுதாகத் தெரிய வேண்டும். ஜன்னல் வெளிச்சம் அடிக்கக் கூடாது. கூடத்தில் இருந்த உறவுக்கூட்டம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பெற்ற தாய் கிடக்கிறாள், இவன் படம் பிடிக்க வந்தவன் மாதிரி ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து நிற்கிறானே என்று யாருக்குத்தான் தோன்றாது?

"இப்பத் தெரியுதாக்கா?" என்று மனைவியின் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு கேட்டான்.

"இல்லடா. அதே எச்சரிக்கைப் படம்தான் வருது."

அக்கா வேலை பார்ப்பது கிழக்கே, தொலைவில், வேறொரு நாட்டில். ஒரு வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நேற்று விடியற்காலை அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொன்னபோது, "டிக்கெட் பாக்குறேன்" என்றாள். கிடைத்தது நாளை மறுநாளுக்குத்தான். அதுவரை வைத்திருக்க வழியில்லை. அந்த நாட்டிலோ முகம் பார்த்துப் பேசும் செயலி எதற்கும் அனுமதி கிடையாது. அவளுடைய நல்ல போன் போன மாதம் தண்ணீரில் விழுந்ததிலிருந்து கையில் இருப்பது பட்டன் போன். மிச்சம் இருந்தது, அங்கே பழசாக வாங்கிய ஒரு லேப்டாப்.

"போட்டோ எடுத்து அனுப்பிடேன்ப்பா" என்றார் மாமா. அம்மாவின் ஒரே தம்பி.

அக்காவிடம் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டாள். "போட்டோ எங்கிட்டயே நிறைய இருக்குடா. அம்மா நம்ம வீட்டுல இருக்கும்போதே ஒரு தடவை பாத்துடணும். அவ்வளவுதான்."

இணையதளம் செய்வது இவனுக்குத் தொழில். காலையில் உட்கார்ந்து, இதற்கென்றே புதிதாக ஒரு பக்கம் செய்தான். போன் பார்ப்பதை அந்தப் பக்கம் காட்டும், அவ்வளவுதான் வேலை. ஊரில் யார் யாருடைய கடைக்கெல்லாமோ வேலை செய்த கை, அம்மாவுக்கென்று செய்த முதல் பக்கம் இதுதான். அதை நினைத்தபடியே செய்து முடித்தான்.

மாமா பக்கத்தில் வந்து குனிந்தார். "வண்டி வந்துடுச்சு. மயானத்துல நமக்குக் கொடுத்த நேரம் ஒரு மணி. விட்டா அப்புறம் அடுத்தவங்க வந்துடுவாங்க."

"அஞ்சு நிமிஷம் மாமா."

"இதையேதான் அரை மணி நேரமா சொல்ற."

அவன் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விட்டான். பிழை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தான். சித்தி மகனின் போனில் திறந்து பார்த்தான். அம்மா பளிச்சென்று தெரிந்தாள். மனைவியின் தங்கை வேறு ஊரிலிருந்து பார்த்துவிட்டு, தெரிகிறது என்று அழுதுகொண்டே செய்தி அனுப்பியிருந்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிகிறது, பார்க்க வேண்டியவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கு இங்க நல்லா வருதேக்கா" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். வாடிக்கையாளர் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அலுவலகத்துப் புதுப் பையன்களை அவன் திட்டும் வாக்கியம் அது.

"வேற பிரவுசர் இருக்கா பாரு."

"அதுலயும் இதேதான்."

"சேர்ந்துகிடக்கிற பழசையெல்லாம் அழிச்சியா?"

"நீ சொன்ன மாதிரியே அழிச்சேன். மூடித் திறந்தும் பாத்துட்டேன்."

மூடித் திறப்பது. அம்மாவுக்கு அவன் வேலையைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான். யாராவது கேட்டால், "எம் பையனா? போன் பண்றவங்களை எல்லாம் மூடித் திறக்கச் சொல்லுவான். அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க, பாரேன்!" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவனுக்கு அப்போது கோபமாக வரும். இப்போது அந்தக் கேலிக்கு ஏங்கினான்.

"மத்ததெல்லாம் வருதா?"

"நியூஸ் வருது. சினிமா வருது. உன்னுது மட்டும்தான்டா வரல." அக்காவின் குரல் உடைந்தது. "எனக்குக் குடுத்துவைக்கல போல. விட்டுடுடா. மாமாவைக் காக்க வைக்காத."

"சும்மா இரு அக்கா. குடுத்துவைக்காம என்ன? அந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு, படி."

"எல்லாம் இந்த ஊர் எழுத்து. எனக்குப் பேசத்தான் வரும், படிக்க எங்கடா வரும்?"

"எண்ணு? எண்ணு ஏதாவது இருக்கா?"

"இரு... இருக்கு. இன்னிக்குத் தேதி போட்டிருக்கு. பக்கத்துல பன்னெண்டு பத்து."

அவன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். கூடத்துக் கடிகாரத்திலும் பன்னிரண்டு பத்து.

"நம்ம ஊரு மணியைக் கேக்கலக்கா. உன் கம்ப்யூட்டர்ல என்ன மணி?"

"அதுலதான்டா பன்னெண்டு பத்து. நெசத்துல இங்க நாலே முக்கால் ஆகப் போகுது."

"ஏன் அப்படிக் காட்டுது? கெட்டுப்போச்சா?"

"நான்தான் மாத்தி வெச்சேன்" என்றாள். "வாங்குன அன்னிக்கே. அம்மா முழிச்சிருப்பாங்களா, சாப்பிட்டிருப்பாங்களான்னு ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கழிக்க எனக்கு வரலடா. இதைத் தொறந்தா அம்மா என்ன பண்ணிட்டிருப்பாங்கன்னு தெரிஞ்சிடும்."

வேலையெல்லாம் முடித்து, டீ டம்ளரோடு அம்மா அக்கடா என்று உட்காருவாள். சொல்லிவைத்த மாதிரி அக்காவின் போன் அடிக்கும். "எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறாளோ கழுதை!" என்று அம்மா பூரித்துப்போவாள். ஓய்வாக இருக்கும்போது மட்டும் கூப்பிடுகிறாள், பாசமெல்லாம் வாயோடு சரி என்று அவன் மனதுக்குள் கறுவியதும் உண்டு. இப்போது அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விஷயம் விளங்கிவிட்டது. எந்தத் தளத்துக்கும் அடையாள அட்டை மாதிரி ஒரு சான்றிதழ் உண்டு. இன்ன நேரத்திலிருந்து செல்லும் என்று அதில் இருக்கும். பிரவுசர் அதைத் தன் கணினியின் மணியோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே விடும். அக்கா முள்ளை மட்டும் திருப்பினாளே தவிர, அது எந்த ஊர் மணி என்று குறிக்கும் இடத்தில் ஊரை மாற்றவில்லை. பாவம், அந்த லேப்டாப் உலகத்துக்கே நாலரை மணி நேரம் பின்னால் இருந்தது. இவன் இன்று காலை பத்து மணிக்கு வாங்கிய சான்றிதழ், அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. பழைய தளங்களுக்கெல்லாம் பழைய சான்றிதழ். அதனால் அவை திறந்தன. சும்மா விட்டால்கூட இரண்டரை மணிக்கு மேல் இவன் பக்கமும் தானாகத் திறந்துவிடும். அப்போது அம்மா இங்கே இருக்க மாட்டாள்.

"இங்க மணிக்கே மாத்திடட்டுமா?" என்றாள் அக்கா. அவன் மணியைக் கேட்டதிலிருந்தே அவளும் புரிந்துகொண்டுவிட்டாள். குரல் மட்டும் சின்னதாகிவிட்டது.

அது சுலபம். ஒரே ஒரு பொத்தான். மாமா வாசலில் நின்று வண்டிக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"வேணாம்க்கா. மணி அப்படியே இருக்கட்டும். ஊரை மாத்திடலாம். கொஞ்சம் சுத்து வழிதான். நான் சொல்லச் சொல்லப் பண்ணு."

மொழி தெரியாத பட்டியலில் எண்களை மட்டும் பிடித்துக்கொண்டு அக்கா இறங்கினாள். அவன் தன் திரையில் அதே பட்டியலைத் திறந்து, மேலிருந்து எத்தனையாவது என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு தடவை வேறெங்கோ போய்விட்டாள். மறுபடி ஆரம்பித்தார்கள். சித்தி வந்து தோளைத் தொட்டாள். அவன் திரும்பவில்லை.

"ஐயோ, மணி இன்னும் பின்னால போயிடுச்சுடா!"

"போகும். பயப்படாத. இப்ப நம்ம ஊரு மணியை வை. பன்னெண்டு இருபத்தஞ்சு. வெச்சியா? இப்பப் பக்கத்தைத் திற."

போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அக்கா?"

அவன் மேற்கொண்டு கேட்பதை விட்டுவிட்டான். கூடத்தில் எல்லாருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது, அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அடங்கினார்கள். மாமா வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

வெகுநேரம் கழித்து, "நெத்தியில முடி விழுந்திருக்கு பாரு" என்றாள் அக்கா. "அம்மாவுக்கு அது புடிக்காது."

அவன் எழுந்துபோய்ப் பெட்டியருகே மண்டியிட்டு, அம்மாவின் நெற்றியில் கிடந்த முடியை விரலால் மேலே ஒதுக்கினான். அது நிற்காமல் சரிந்தது. மனைவி சீப்பை எடுத்து நீட்டினாள். பழக்கமில்லாத கை, மெதுவாக வாரினான்.

"இந்தப் பக்கம். காது கிட்ட... ம். போதும்டா."

"மாமா கேக்கறாருக்கா. மூடலாமா?"

"மூடச் சொல்லு. நான் பாத்துட்டேன்."

எல்லாம் முடிந்து அவன் வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கூடம் காலியாகக் கிடந்தது. மனைவி துடைப்பத்தோடு நின்றாள். அந்த நாற்காலியையும் அகராதிகளையும் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். சர்வரை நிறுத்துவதற்காக அவன் லேப்டாப்பைத் திறந்தான். வெளியூரிலிருந்து பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் எப்போதோ மூடிவிட்டுப் போயிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர் என்று காட்டியது.

நாற்காலிக்கு எதிரே வெறும் தரைதான் இருந்தது, பெட்டி இருந்த இடம்.

"அங்க மட்டும் இப்பப் பெருக்காத" என்றான் மனைவியிடம். உள்ளே போய் சார்ஜரை எடுத்துவந்து, அகராதிகள் அசையாமல் போனில் செருகினான்.