முழங்கால் பரவாயில்லீங்களா?

என் முழங்கால் விஷயத்தில் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பள்ளிபாளையம் ஷட்டில் கோர்ட்டில், தலைக்கு மேல் போன பந்தை எம்பி அடித்துவிட்டு இறங்கியபோது உள்ளே ‘டப்’ என்றது. ஜவ்வு அறுந்துவிட்டது என்று ஆபரேஷன் செய்தார்கள். அப்புறம் பிசியோதெரபி. குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

பிசியோ யோகேஷ் சென்னைக்காரர், நல்ல மனுஷன். போனதும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்.

“வலி எப்படி இருக்கு மேடம்?”

“பரவாயில்லீங்க.”

சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் பயிற்சியைக் கூட்டுவார். படி ஏறுவது போய் ஒற்றைக்காலில் நிற்பது வந்தது, அதுவும் போய்க் குதிப்பது வந்தது. மறுநாள் காலையில் எழுந்தால் முழங்கால் பன் மாதிரி உப்பியிருக்கும். பயிற்சி கூடக்கூடக் கால் தேற வேண்டாமா? எனக்கு மட்டும் ஏன் தலைகீழாக நடக்கிறது?

கேட்டால் ஆளுக்கொரு பேச்சு. “ஆட்டாத வெச்சிருந்தாத்தான சாமி ஆறும்?” என்றார் மாமியார் மாரக்காள். யூடியூபில் ஒருவர் வலியைத் தாண்டிப் போ என்றார். இன்னொருவர் வலித்தால் நிறுத்து என்றார். இரண்டு பேருக்கும் லைக் குவிந்து கிடந்தது. நான் யாரைக் கேட்பது?

விடிகாலையில் கோர்ட்டில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் நாள் முழுக்க எனக்கென்று இருப்பது. எங்கள் நூல் கடையும் அடுப்படியும் அதற்குள் எட்டிப் பார்க்காது. ஜவ்வு இன்னொரு தடவை அறுந்தால் ராக்கெட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் எனக்குத் தூக்கமே போய்விட்டது.

போன வாரம் யோகேஷ் ஒவ்வொரு காலிலும் எட்டிக் குதிக்கச் சொல்லித் தூரத்தை அளந்தார். ஆபரேஷன் செய்த காலில் இறங்கியதும் சுரீர் என்றது. தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“பரவாயில்லை மேடம், இன்னைக்கு இது போதும்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விழப் போனவளைப் பார்த்துப் பரவாயில்லை என்கிறாரே! அப்படியானால் கால் தேறிவிட்டது என்றுதானே அர்த்தம்? வலி எனக்குத்தான், படிப்பு அவருக்குத்தானே. என்னோடு ஜோடி சேர்ந்து ஆடும் பிரீத்தியைக் கூப்பிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பிரீத்தி மெதுவாகத்தான் தூக்கிப் போட்டாள். பந்து மேலே வருகிறது, கை தயாராக இருக்கிறது, கால் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. பந்து என் முன்னால் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, நோவுதுங்களா?”

“பரவால்ல கண்ணு.”

“அப்படின்னா? நோவுதுங்களா, இல்லீங்களா?”

திக்கென்றது. எங்கள் பக்கம் விருந்துக்குப் போன வீட்டில் காப்பியில் சர்க்கரையே இல்லாவிட்டாலும், பரவாயில்லீங்க என்றுதான் குடிப்போம். அதே வாயால்தான் இத்தனை நாளும் யோகேஷுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ராக்கெட்டோடு கிளினிக்குக்குப் போனேன்.

“நேத்துப் பரவாயில்லைன்னீங்களே, என்ன அர்த்தத்துல சொன்னீங்க?”

“தடுமாறிட்டீங்க, அதுக்காகக் கவலைப்படாதீங்கன்னு சொன்னேன்.” ராக்கெட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “ஐயோ, விளையாடவா போனீங்க?”

“போனனுங்க. ஆனா குதிக்கலைங்க. நான் பரவாயில்லீங்கன்னு சொன்னப்ப நீங்க என்ன நெனச்சீங்க?”

“வலி குறைஞ்சிட்டு வருதுன்னு.”

“குறையலைங்க. தாங்கிக்கறேன்னு சொன்னேன்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “மறுநாள் காலையில வீங்குதா?”

“வீங்குதுங்க.”

“அப்படின்னா முந்தின நாள் செஞ்சது அதிகம்னு அர்த்தம். எங்கிட்ட சொல்லியிருந்தா குறைச்சிருப்பேனே மேடம். வீக்கம் இருக்கான்னு நானும் கேட்டிருக்கணும்.”

என்னைக் கட்டிலில் உட்காரவைத்து முழங்காலை மடக்கி, இழுத்துப் பார்த்தார். ஜவ்வு கெட்டியாகத்தான் இருக்கிறது, குதிப்பதை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் பழைய பயிற்சிக்கே திரும்பலாம், கோர்ட்டுக்குப் போவதை அப்புறம் பார்க்கலாம் என்றார். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

“இப்ப சொல்லுங்க, வலி எப்படி இருக்கு?”

“வலிக்குதுங்க” என்றேன். ஆபரேஷன் நடந்த அன்றுகூட அழாதவள், அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் அழுதுவிட்டேன்.

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்கால் சில்லுக்குக் கீழே விரலை வைத்தார்.

“இங்கயா?”

“இல்லீங்க, இன்னுங்கொஞ்சம் உள்ளார.”

விரலை நகர்த்தினார்.

“ஆமாங்க, அங்கதான்.”